நியாய யுத்தமும் நிரபராதிகளின் இரத்தமும்

(களமருதூர்ப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சியை எட்டுவதற்கு முன்னால் எழுந்து நிற்கும் தியாகதுர்க்கத்து மலையையும், அதன்மேல் இடிந்து கிடக்கும் கோட்டையையும் காணாதவர் இக்கூட்டத்தில் எவரும் இருக்கமாட்டார்கள். ஐரோப்பாவில் 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போர், ஏழு கடல் தாண்டி வந்து இந்த மலையடிவாரத்திலும் மூண்டது. ஒரு பக்கம் பிரெஞ்சுப் படை. அதன் வேந்தன் பதினைந்தாம் லூயிக்கு 'மகா கிறிஸ்தவ மன்னன்' என்பது வழிவழியாக வந்த விருது. மறுபக்கம் ஆங்கிலக் கம்பெனியின் படை. அதன் வேந்தனுக்கோ 'விசுவாசத்தின் பாதுகாவலன்' என்பது விருது. இருவரும் ஒரே வேதத்தை ஓதினார்கள். ஒரே சிலுவையின்முன் மண்டியிட்டார்கள். தத்தம் வெற்றிக்காக ஒரே கடவுளுக்குத் துதிப்பாட்டுப் பாடினார்கள். 1760-இல் புதுச்சேரி முற்றுகையின் நெருக்கடியில் துணைப்படை வேண்டிய பிரெஞ்சுக்காரர், தியாகதுர்க்கத்தை மைசூர் ஹைதர் அலிக்கு ஒப்படைக்க உடன்பட்டார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தபின் அக்கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. இத்தனை கைமாற்றங்களுக்கும் நடுவே, அந்த மலையைச் சுற்றிலும் கம்பும் கேழ்வரகும் விளைத்துப் பிழைத்த நம் முன்னோரிடம், 'உங்களுக்கு இந்த யுத்தம் வேண்டுமா?' என்று கேட்டவன் ஒருவனும் இல்லை.

அந்த யுத்தத்தைக் கிறிஸ்தவ யுத்தம் என்று சொல்லலாமா? கிறிஸ்தவ மன்னர்கள் நடத்தினார்கள் என்பதனால் அது நியாய யுத்தம் ஆகிவிடுமா? இல்லையென்றால், எந்த யுத்தந்தான் கிறிஸ்துவின் பெயரைத் தரித்தவன் மனச்சாட்சி குத்தாமல் ஆயுதம் ஏந்தத் தக்கது? இக்கேள்விக்கு விடை கூறும் பொருட்டே நான் இம்மேடையில் நிற்கிறேன். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியாயமான காரணம் ஒன்று இருந்தால் போதும், பின்பு எதையும் செய்யலாம் என்று கூறுகிற எவனும், அவன் அரசாங்கத்தின் பிரதிநிதியாயினும் விடுதலை இயக்கத்தின் தலைவனாயினும், திருச்சபையின் நியாய யுத்தக் கோட்பாட்டைத் தனக்குச் சாட்சியாக அழைக்க உரிமையற்றவன். அந்தக் கோட்பாடு அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

திருச்சபையின் முதல் மூன்று நூற்றாண்டுகளில், ஆயுதம் எடுப்பதே கிறிஸ்தவனுக்கு ஆகாது என்று வாழ்ந்தவர்கள் பலர். கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு உருவிய வாளை ஆண்டவர் உறைக்குள் போடச் சொன்னார் என்பதே அவர்களுக்குப் போதுமான கட்டளையாயிருந்தது. கி.பி. 295-இல் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்தா நகரில் மாக்ஸிமிலியன் என்னும் 21 வயது இளைஞன், ரோமப் படையில் சேர மறுத்து வாளுக்கு இரையானான். இந்த மரபை நான் இழித்துப் பேசமாட்டேன். குவேக்கர், மெனோனைட் என்னும் கிறிஸ்தவ சபையார் இன்றளவும் அதைச் சுமந்து வருகிறார்கள். அவர்கள் கோழைகள் என்று சொல்பவன் சரித்திரம் படியாதவன். ஆயினும் என் மனச்சாட்சி அவர்களோடு முழுதும் உடன்படவில்லை. என்மீது விழும் அடியை நான் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையின் கழுத்தில் விழப்போகும் கத்தியை நான் பொறுத்துக்கொள்வதற்கு எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அன்பின் பெயரால் நான் கைகட்டி நின்றால், அந்தக் குழந்தையின்மேல் நான் கொண்ட அன்பு எங்கே போயிற்று?

இந்தத் தர்மசங்கடத்தைத்தான் அர்ச். அகுஸ்தீன் தம் நெஞ்சில் சுமந்தார். 354-இல் பிறந்து, ஹிப்போ நகரின் ஆயராயிருந்து, 430-இல் வாண்டலர் படை அந்நகரை முற்றுகையிட்டிருந்த நாள்களிலேயே மரணப் படுக்கையில் கிடந்த அவர், யுத்தத்தைப் பற்றிப் புத்தக அறையிலிருந்து மட்டும் எழுதியவர் அல்லர். தற்காப்புக்காகவும் அநீதியைத் தடுப்பதற்காகவும் யுத்தம் சில வேளைகளில் தவிர்க்க முடியாததாகலாம் என்று அவர் ஒப்பினார். ஆனால் அப்படிப்பட்ட யுத்தத்தையும் கண்ணீரின்றி நினைப்பவன் மனிதத்தன்மையை இழந்தவன் என்பது அவருடைய கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்வினாஸ் மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: போரை அறிவிப்பவர் பொதுநலத்தைக் காக்கும் உரிய அதிகாரம் உடையவராயிருக்க வேண்டும், காரணம் நியாயமானதாயிருக்க வேண்டும், உள்ளத்தின் நோக்கம் நேர்மையானதாயிருக்க வேண்டும். இம்மூன்றாவதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? காரணம் நியாயமாயிருந்தும், பழிவாங்கும் வெறியோ பதவி ஆசையோ உள்ளே புகுந்துவிட்டால் அந்த யுத்தம் பாவமாகிவிடும் என்று அந்த மகாஞானி தீர்ப்பளித்துவிட்டார்.

பின்வந்தவர்கள் இன்னும் கடுமையாக்கினார்கள். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்துப் பாருங்கள். எதிரி விளைக்கும் தீங்கு நிலையானதும் கொடியதும் நிச்சயமானதுமாயிருக்க வேண்டும். சமாதான வழிகள் அத்தனையும் பயனற்றுப் போயிருக்க வேண்டும். வெற்றி பெறுவதற்கு மெய்யான வாய்ப்பு இருக்க வேண்டும். ஒழிக்கப் புகுந்த தீமையைவிடப் பெரிய தீமையை அந்த யுத்தமே உண்டாக்கிவிடக் கூடாது. இவை ஒருங்கே நிறைவேற வேண்டும் என்று அந்நூல் கட்டளையிடுகிறது. ஏரிக்குக் கரை கட்டுகிறவன் வெள்ளத்தை வரவேற்பதற்காகக் கட்டுவதில்லை. ஊரைக் காப்பதற்காகக் கட்டுகிறான். யுத்தத்திற்குத் திருச்சபை வகுத்த நிபந்தனைகளும் அத்தகைய கரையே. அவற்றையே யுத்தத்திற்கு வழங்கிய அனுமதிச்சீட்டாக எடுத்துக் காட்டுகிற பிரசங்கிமாரைக் காணும்போது எனக்கு உண்டாகும் மனவேதனைக்கு அளவில்லை.

இந்தக் கோட்பாடு அரண்மனைகளின் கைப்பாவை என்று சொல்பவர்களுக்கு ஒன்று கூறுகிறேன். 1539-இல் ஸ்பானிய சாம்ராஜ்யம் அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளை விழுங்கிக்கொண்டிருந்த வேளையில், அந்த ஸ்பெயின் நாட்டுச் சலமான்கா பல்கலைக்கழகத்திலேயே, பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்னும் தொமினிக்க சபைத் துறவி எழுந்து நின்று, மத வேற்றுமை யுத்தத்திற்குக் காரணமாகாது, ராஜ்ய விஸ்தீரணம் காரணமாகாது, மன்னனுடைய சொந்தக் கீர்த்தியும் காரணமாகாது என்று போதித்தார். அதுமட்டுமா? ஒரு யுத்தம் அநியாயமானது என்று பிரஜை மனச்சாட்சியில் உறுதியாக உணர்ந்தால், மன்னனே ஆணையிட்டாலும் அவன் அதில் போர் புரியலாகாது என்றும் போதித்தார். வாலிபர்களே, இதைக் கவனியுங்கள். யுத்தம் நியாயமா என்று நிறுத்துப் பார்க்கும் கடமை மந்திரி சபைக்கும் தளகர்த்தருக்கும் மட்டும் உரியதன்று. துப்பாக்கியைத் தோளில் சுமக்கும் சாமானியனுக்கும் உண்டு.

அந்தச் சாமானியன் ஒருவனைச் சொல்கிறேன். நம்மைப்போல் உழுது பயிரிட்டு வாழ்ந்தவன். ஆஸ்திரியாவின் சாங்க்ட் ரதேகுண்ட் என்னும் சிற்றூரில் இருந்த பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர், மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் உடைய ஒரு விவசாயி. இட்லரின் யுத்தம் அநியாய யுத்தம் என்று அவன் தெளிந்தான். அதில் ஆயுதம் ஏந்த மறுத்தான். தன் மறைமாவட்டத்து ஆயரிடமே சென்று ஆலோசனை கேட்டான். அரசின் பொறுப்பை அரசிடம் விட்டுவிட்டு உன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள் என்ற வகையிலேயே அங்கே அவனுக்கு விடை கிடைத்தது. அவன் இசையவில்லை. 1943 ஆகஸ்டு 9-ஆம் நாள் அவன் தலை துண்டிக்கப்பட்டது. 2007 அக்டோபர் 26-இல் திருச்சபை அவனை முத்திப்பேறு பெற்றவனாக அறிவித்தபோது, முதுமை எய்திய அவன் மனைவி பிரான்சிஸ்கா அவ்விழாவில் இருந்தாள். வேதசாஸ்திரம் கற்றுத் தேர்ந்த ஆயர் காணாததை ஏர் பிடித்த குடியானவன் கண்டான். ஆதலின், 'இதெல்லாம் பெரியவர்கள் விஷயம்' என்று சொல்லி எவரும் நழுவிவிட வேண்டாம்.

இனி நம் நாட்டுக்கே வருகிறேன். தஞ்சையில் 1798-இல் கண்மூடிய சுவார்ட்ஸ் ஐயரை அறியாத லுத்தரன் குடும்பம் தமிழ்நாட்டில் இல்லை. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த அந்த ஜெர்மானிய ஊழியர், 1779-இல் சென்னைக் கம்பெனி அரசாங்கத்தாரின் வேண்டுகோளை ஏற்று, ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். ஹைதர் அவரை மதித்தான். அவருடைய சொல்லை நம்பினான். ஆனால் அவரை அனுப்பியவர்களை நம்பவில்லை. நம்பாததற்கு அவனுக்குக் காரணங்களும் இருந்தன. தன் பாதுகாப்பில் இருப்பதாக ஹைதர் கருதிய மாஹே துறையை அதே ஆண்டு கம்பெனியார் கைப்பற்றியிருந்தார்கள். கம்பெனி மீறிய உடன்படிக்கைகளை அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். ஐயர் திரும்பி வந்து உள்ளதை உள்ளபடி சென்னையில் சொன்னார். கேட்டவர்கள் செவிகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1780 ஜூலையில், ஹைதரின் சேனை மலைக் கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கியது; ஊர்கள் எரிந்தன; பயிர்கள் அழிந்தன; பஞ்சம் வந்தது.

இதை நான் சற்று நின்று நிதானித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சமாதான வழிகள் அத்தனையும் தீர்ந்த பிறகே யுத்தம் என்பது கோட்பாடு. கம்பெனியாரும் அவ்வாறே செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு சத்தியவந்தரைத் தூது அனுப்பினார்களே! ஆனால் ஒரு கையால் தூதரை அனுப்பி, மறு கையால் எதிரி தன் பாதுகாப்பில் இருப்பதாகக் கருதிய துறைமுகத்தைப் பிடிப்பது சமாதான முயற்சியாகாது. அது சமாதானத்தின் வேஷம். பிற்காலத்திலும் எத்தனையோ பேச்சுவார்த்தைகள் இந்த லட்சணத்தில் நடந்திருக்கின்றன. மேசைக்கு மேலே கைகுலுக்கலும் மேசைக்குக் கீழே துப்பாக்கி ரவையும் கைமாறியிருக்கின்றன. அந்தப் பஞ்ச காலத்தில் சுவார்ட்ஸ் ஐயர் செய்ததையும் கேளுங்கள். மலிவாயிருந்த நாளில் வாங்கிச் சேமித்திருந்த தானியத்தைக் கொண்டு தஞ்சையில் பட்டினியால் துடித்தவர்களுக்குச் சோறு போட்டார். போர் நடந்த நாட்டில் அந்தப் பாதிரியாரைத் தடையின்றிப் போகவர விடும்படி ஹைதரே தன் சேனைக்கு ஆணையிட்டிருந்தான். யுத்தத்தின் நடுவில் கிறிஸ்தவனுக்குள்ள இடம் எது என்பதற்கு இதைவிட வேறு பாஷ்யம் எனக்குத் தெரியவில்லை.

பெரியோர்களே, இவை பழைய கதைகள். நம் காலத்தில், நம் மொழி பேசும் மக்கள்மேல், பாக் நீரிணைக்கு அப்பால் நடந்த யுத்தத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடிப்பேனாகில், நான் பேசியவை யாவும் வெறும் வித்துவப் பேச்சாகிவிடும்.

1995 ஜூலை 9. யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் இலங்கை ராணுவம் புதிய படையெடுப்பைத் தொடங்கிய நாள். பொதுமக்கள் ஆலயங்களில் தஞ்சம் புகுக என்று அரசே அறிவித்திருந்தது. அந்தச் சொல்லை நம்பி நவாலி அர்ச். பேதுரு தேவாலயத்திலும், அருகிலிருந்த முருகன் கோவிலிலும் திரண்டிருந்த தாய்மார்கள்மேலும் குழந்தைகள்மேலும் விமானம் குண்டு பொழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 1999 நவம்பர் 20-இல், சைவரும் கத்தோலிக்கரும், தமிழரும் சிங்களரும் ஒருங்கே காலடி வைக்கும் மடு மாதா திருத்தலத்தின் வளாகத்தில் எறிகணைகள் விழுந்தன. ஏறத்தாழ 40 பேர் மடிந்தார்கள். இரு தரப்பாரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். 2009-இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் நடந்ததை ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளர் அமர்த்திய நிபுணர் குழு 2011-இல் எழுதி வைத்திருக்கிறது. அரசு தானே 'தாக்குதலற்ற பிரதேசம்' என்று குறித்த நிலத்தின்மேல் தானே எறிகணை பொழிந்தது, மருத்துவமனைகள் தாக்கப்பட்டன, மாண்ட பொதுமக்களில் பெரும்பாலோர் அரசுப் படையின் எறிகணைக்கே பலியானார்கள், அத்தொகை 40,000 வரை இருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட இயலாது என்கிறது அக்குழு.

'பயங்கரவாதத்தை ஒழிப்பதற்காகச் செய்தோம்' என்கிறார்கள். ஒழிக்க வேண்டிய தீமை இருந்ததென்றே வைத்துக்கொள்வோம். ஒழிக்கப் புகுந்த தீமையைவிடப் பெரிய தீமை விளையலாகாது என்ற நிபந்தனை எங்கே போயிற்று? நகரங்களையும் அவற்றின் குடிகளையும் வேறுபாடின்றி அழிப்பது கடவுளுக்கும் மனிதகுலத்துக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தீர்த்துச் சொன்னதே, அதற்கு விலக்கு ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா? தஞ்சம் புகுக என்று காட்டிய இடத்திலேயே குண்டு போடுவதற்கு நியாயம் கற்பிக்கும் வேதசாஸ்திரம் உலகில் இல்லை.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் நான் பாதி உண்மை பேசியவனாவேன். பாதி உண்மைக்குக் கைதட்டல் மிகுதியாகக் கிடைக்கும். எனக்கு அது வேண்டாம். தமிழரின் குறை மெய்யானது. அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி தலைமுறை தலைமுறையாய்த் தொடர்ந்தது. 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டதைக் கண்ட பிறகு ஓர் இளைஞன் ஆயுதம் எடுத்தால் அவனை எளிதில் குற்றவாளி என்று சொல்லிவிட என் நா எழாது. காரணம் நியாயம். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், 1990 ஆகஸ்டு 3-இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையிலிருந்த முஸ்லிம்களைத் தமிழர் விடுதலையின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள் சுட்டுக் குவித்தது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும், தமிழையே தாய்மொழியாகப் பேசிய அந்தச் சகோதரர்களை, பிறந்த மண்ணைவிட்டு விரட்டியது எந்த விடுதலை? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்ததும், முள்ளிவாய்க்காலை நோக்கி நெருங்கிய அந்த இறுதி நாள்களில் தப்பி ஓட முயன்ற தம் சொந்த மக்களைச் சுட்டதும் எந்தத் தர்மம்? கடைசியாகச் சொன்ன இவ்விரண்டையும் அதே ஐ.நா. குழு எழுதியிருக்கிறது. அரசின் குற்றத்தை நாம் நம்பும்போது அதே ஏட்டின் மறுபக்கத்தைப் புரட்டாமல் மூடிவைப்பது நேர்மையா?

நான் இதைச் சொல்லும்போது முகம் சுளிக்கும் வாலிபர்கள் இங்கே இருக்கலாம். தம்பிமார்களே, உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கோபத்தின் வழியே நடப்பதற்கு நியாய யுத்தம் என்று பெயரிட உங்களுக்கு இடம் கொடுக்கமாட்டேன். நவாலியில் மாண்ட குழந்தைக்காக அழும் கண், காத்தான்குடியில் மாண்ட குழந்தைக்காகவும் அழ வேண்டும். அழாத கண்ணை வைத்துக்கொண்டு சிலுவையை நோக்குவதில் பயனில்லை. பழிக்குப் பழி என்பது சிலுவையோடு முடிந்துபோன நியாயம்.

அந்தக் கொடுங்காலத்தில் திருச்சபையின் மானத்தைக் காத்தவர்கள் யார்? யுத்தத்தை ஆசீர்வதித்தவர்கள் அல்லர். 1985 ஜனவரியில் மன்னார் வங்காலைப் பங்கில் சுட்டுக் கொல்லப்பட்ட மேரி பஸ்தியான் அடிகள். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியில் எறிகணைக்கு அஞ்சி ஆலயத்தில் ஒதுங்கிய மக்களைக் காக்க முயன்று, சில நாள்களுக்குள் காணாமற்போன ஜிம் பிரவுண் அடிகள். 2009 மே 18-இல், சரணடைந்தவர்களோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் தாமும் நடந்து சென்று, பின்பு எவராலும் காணப்படாத பிரான்சிஸ் யோசப் அடிகள். யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் அதிபராயிருந்து எத்தனையோ மாணவரை உருவாக்கிய முதியவர் அவர். இவர்கள் ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை.

இவர்களோடு மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. இலங்கை அரசு நியமித்த ஆணைக்குழுவின் முன்னால் 2011 ஜனவரியில் அவர் கணக்குச் சொன்னார். 2008 அக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் வாழ்ந்தவர்கள், அரசின் கச்சேரிப் பதிவேட்டின்படியே 4,29,059 பேர். 2009 ஜூலை 10 வரை அங்கிருந்து வெளியே வந்து சேர்ந்தவர்கள், ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் கணக்கின்படி 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று அந்த ஆயர் கேட்டார். ஆவேசமாகப் பேசவில்லை, சாபமிடவில்லை, இரண்டு அதிகாரபூர்வ எண்களை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் காட்டினார். யுத்தம் நியாயமாய் நடந்ததென்று சொல்லும் எந்த ஆட்சியும் முதலில் விடை கூற வேண்டிய கேள்வி அதுதான். மாண்டவர்களை எண்ணக்கூட மறுக்கிற ஒரு யுத்தத்திற்கு நியாயம் என்ற சொல்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இங்கே கூடியிருக்கும் சபை ஊழியர்களுக்கும் உபதேசிமார்களுக்கும் என் வேண்டுகோள்: எந்தக் கொடியின் கீழும், எந்த நாட்டின் பெயராலும், எந்த ஆயுதத்தின்மேலும் தீர்த்தம் தெளிக்காதீர்கள். எல்லையில் நிற்கும் நம் வீரர்களின் உயிருக்காக மன்றாடுங்கள், அது கடமை. எதிரி நாட்டுத் தாயின் மகனுக்காகவும் அதே மன்றாட்டில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கடமையே. நாளைக்கு ஒரு யுத்தம் மூண்டு, பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இரத்த வெறியை மூட்டும்போது, உங்கள் பிரசங்க பீடத்திலிருந்து, 'காரணம் என்ன? வேறு வழி தீர்ந்துவிட்டதா? மாளப்போகிறவர்கள் யார்?' என்று கேளுங்கள். தேசத்துரோகி என்ற பட்டம் வந்தால் வரட்டும். சாங்க்ட் ரதேகுண்ட் விவசாயிக்கு அதைவிடக் கொடிய தண்டனையைத்தான் கொடுத்தார்கள்.

மற்றெல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். 2019-இல் நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிவதற்குமுன் நாம் சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த கீழ்ப்புத்துப்பட்டில், அந்த யுத்தத்திலிருந்து தப்பி வந்தவர்களின் முகாம் இருக்கிறது. போய்ப் பாருங்கள், அவர்கள் சொல்வதைப் பொறுமையாய்க் கேளுங்கள். அங்கே பிறந்து வளர்ந்தும் எந்த நாட்டின் குடிமகன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்நாட்டுக் குடியுரிமை கிடைக்கக் குரல் கொடுங்கள். ஆயர் இராயப்பு யோசேப்பு 2021 ஏப்ரல் 1-ஆம் நாள் காலமானார். அவர் கேட்ட கேள்விக்கு அவர் வாழ்நாளில் விடை கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்கவில்லை. காணாமற்போன தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரங்களில் ஆண்டுக்கணக்காய் அமர்ந்திருக்கும் தாய்மாரோடு சேர்ந்து, விடை வரும்வரை அந்தக் கேள்வியைக் களமருதூரிலிருந்தும் கேட்டுக்கொண்டேயிருங்கள்.